ராசிபுரம் பகல் காட்சியில் பெய்த மழை

சேலம் பக்கம் சுற்றப் போகிறவர்கள் ஏற்காட்டுக்குத்தான் வழி கேட்பார்கள். நாங்கள் போனது ராசிபுரத்துக்கு, அதுவும் ஒரு படம் பார்க்க. சென்னையில் பார்த்திருக்கலாமே என்றால், அங்கே மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள்.

என் கல்லூரித் தோழி மலர்விழிதான் அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளர். (படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.) நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பஞ்ச காலத்துக் கதை. கறுப்பு வெள்ளை. பாட்டு கிடையாது, பேச்சும் மிகக் குறைவு. ஓர் இளம்பெண் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடி நடக்கிறாள், அவ்வளவுதான். சென்னையில் முதல் நாள் மலர் போயிருந்தபோது பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இடைவேளையிலேயே வெளியே வந்துவிட்டாள். "இனிமே இந்த மாதிரி படத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்கன்னு டைரக்டர்கிட்ட சொல்லிடப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். படம் எடுத்த ஊர் என்பதால் ராசிபுரத்தில் ஒரு தியேட்டரில் மட்டும் பகல் காட்சி ஓடுகிறது என்று தெரிந்ததும், நான்தான் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மாசி மாதக் கடைசி ஞாயிறு அது.

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ராசிபுரம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் மலைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பேருந்து நிலையத்திலிருந்து தியேட்டருக்கு ஆட்டோ பிடித்தோம். எந்தப் படத்துக்கு என்று டிரைவர் கேட்டார். சொன்னோம்.

"அதுங்களா? யாரும் பேசவே மாட்டாங்களாமுங்க. நல்லாத் தூக்கம் வருதுன்னு நேத்து ஒருத்தரு சொன்னாருங்க."

மலர் வெளியே பார்க்க ஆரம்பித்தாள். கூட்டி வந்திருக்க வேண்டாமோ என்று எனக்கும் தோன்றியது.

இரண்டரை மணிக் காட்சி, டிக்கெட் எண்பது ரூபாய். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வறண்ட ஏரியை அந்தப் பெண் கடக்கும் நீண்ட காட்சி வந்தது. இசை இல்லை. நடுவிலிருந்து ஒருவர், "ஏனுங்க, சவுண்டு போயிருச்சுங்களா?" என்று கேட்க, அரங்கமே சிரித்தது. "சவுண்டு இருக்கு, அது காத்து" என்று மலர் என் காதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு மலை தெரிந்ததும், "இது நம்ம போதமலைங்க" என்று யாரோ சொல்ல, சலசலப்பு எழுந்து அடங்கியது. மாடு நடக்க முடியாமல் படுத்துக்கொள்ளும் இடத்தில் இடைவேளை விட்டார்கள்.

விளக்குப் போட்டதும் மேனேஜர் உள்ளே வந்தார். "நாலஞ்சு பேரு படத்த மாத்தச் சொல்றாங்க. சாயங்கால ஆட்டத்துக்கு வச்சிருக்கற சண்டைப் படத்த வேணும்னா இப்பவே போட்டுர்றனுங்க. என்னங்க சொல்றீங்க?"

முன்வரிசைகளில் கைகள் உயர்ந்தன. மலர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்போது எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண்மணி எழுந்தார். நாற்பது வயதிருக்கும்.

"மாடு படுத்துக் கெடக்குதுங்க. அது எந்திரிச்சுதா இல்லியான்னு தெரியாம நான் எப்படிங்க ஊட்டுக்குப் போறது?"

கை தூக்கியவர்களில் ஒருவரே, "அதுஞ் சரிதானுங்க, அதப் பாத்துருவோம்" என்றார். படம் தொடர்ந்தது.

இரண்டாம் பாதியில் யாரும் திரையைக் கேலி செய்யவில்லை. மாட்டோடு பேச ஆரம்பித்தார்கள். மாடு முன்னங்காலை ஊன்றி எழுந்தபோது கைதட்டல். கடைசியில் அந்தப் பெண் கயிற்றை அவிழ்த்து மாட்டைக் காட்டுக்குள் விட்டுவிடுகிறாள். திரை இருண்டுவிடும்; மழைச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்கத் தொடங்கியதும் ஒருவர் பதறி எழுந்தார். "வண்டில நூல் மூட்டை கெடக்குது, தார்ப்பாய் போடோணும்" என்று முனகியபடி ஓடிக் கதவைத் திறந்தார். பளீரென்று வெயில் உள்ளே விழுந்தது. சற்று நேரம் அங்கேயே நின்றவர், திரும்பி வந்து, "வெளிய வெயிலு கொளுத்துதுங்க" என்றார். அரங்கம் குலுங்கியது. அவரும் சிரித்துவிட்டு, உட்கார்ந்து மிச்ச மழையையும் கேட்டார். மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

இந்த வழியில் வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், காட்சிக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். இந்த மாதிரிப் படங்களை வீட்டில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரோடு பாருங்கள், அது வேறு படம்.

ரயிலுக்கு நாமக்கல் போகப் பேருந்து ஏறினால், மாட்டுக்காக எழுந்து நின்ற அந்தப் பெண்மணி முன் இருக்கையில். பெயர் சரஸ்வதி, கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை. பக்கத்தில் கணவர் குப்புசாமி, லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவர்கள். எங்களைத் தியேட்டரில் பார்த்ததாகச் சொல்லிச் சரஸ்வதியே பேச்சை ஆரம்பித்தார்.

"முடிவு எனக்குப் புடிக்கலீங்க. மாட்ட அவுத்து உட்டுட்டா, உடனே மழ வந்துருச்சு. இனி எங்க போய்த் தேடுவா?"

"மழ பேஞ்சா மாடு தானா ஊட்டுக்கு வந்துரும்" என்றார் குப்புசாமி.

"ஆமா, நீங்க பாத்தீங்க" என்று அவரை அடக்கிவிட்டு எங்களிடம் திரும்பினார். "கயித்த அவுக்கறப்ப அந்தப் புள்ள மாட்டுக் காதுல என்னமோ சொன்னா. ஒதடு அசைஞ்சுது, சத்தமே வல்லீங்க."

மலர்தான் ஒலிப்பதிவாளர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்தி நிறுத்தினாள். "என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

சரஸ்வதி அதிகம் யோசிக்கவில்லை. "வேறென்னங்க சொல்லுவா? 'போய்ப் பொழைச்சுக்க சாமி'ன்னிருப்பா."

புதுச்சத்திரத்தில் அவர்கள் விடைபெற்று இறங்கினார்கள். பேருந்து கிளம்பியதும் மலர் சொன்னாள்: "ஷூட்டிங்ல அந்தப் பொண்ணு சொன்னது அதேதான். நான் பதிவும் பண்ணேன். சத்தத்தை எடுத்துடலாம்னு டைரக்டர்கிட்ட சொன்னதே நான்தான்."

நாமக்கல்லில் இறங்கியதும் டைரக்டருக்குப் போன் போட்டாள். நடந்ததை விவரமாகச் சொல்லப்போகிறாள் என்று பைகளை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"கேட்டுச்சு சார்" என்றாள் மலர். "அவங்களுக்குக் கேட்டுச்சு."