நான்காவது ஷீட்

டெல்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்தது தரைத்தள வீடு. எங்களுக்கு முன்னால் இருந்தவர் பின்பக்க முற்றத்தின் மேல் நான்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைப் போட்டு, அதை ஓர் அறைபோல ஆக்கிவிட்டுப் போயிருந்தார். அனுமதி கிடையாது. அந்த வரிசையில் யாருக்குமே கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், எங்கள் ப்ளாக்கின் சமையலறைகளை இடித்துப் புதுப்பிக்கும் முறை வந்தது. வேலை தொடங்குமுன் பின்பக்கக் கூரையை அவரவரே பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மற்ற வீடுகளில் சுத்தியலால் நாலு போடு போட்டு அரை மணியில் முடித்தார்கள். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது, பிறந்ததிலிருந்தே வீசிங். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி வளர்க்கிறாள் என்று என் கணவர் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அவளைப் பார்த்துவந்த டாக்டர் ஒரு பஞ்சாபிக்காரர், நிதானமானவர். கூரை பிரிக்கப் போகிறோம் என்றதும் எழுதுவதை நிறுத்தினார். அந்த ஷீட் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், நுரையீரலில் போய்த் தைத்தால் வெளியே வராது, அதனால் வரும் கெடுதல் தெரியவே இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம் என்றார். குழந்தை அன்று வீட்டில் இருக்கக் கூடாது. ஷீட்டை நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். வீட்டுக்குள் போகிற வழிகளை எல்லாம் அடைக்க வேண்டும். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நான் ஆபீசில் நோட் எழுதிக் கோப்பு நகர்த்துகிறவள். எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

சனிக்கிழமை விடுமுறை. விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு டிரம், ஆறு பக்கெட், குழந்தையின் பிளாஸ்டிக் டப் வரை பிடித்து வைத்தேன். எட்டு மணிக்குக் குழாய் நின்றுவிடும், பிறகு சாயங்காலம்தான். முனிர்க்காவில் இருந்த நண்பர் வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கணவர் கிளம்பினார். “பன்னண்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க, அதுக்குள்ள முடிஞ்சிரும்” என்றேன். பின்கதவின் இடுக்குகளில் உள்பக்கமாக டேப் ஒட்டி, ஈரப் போர்வையைத் தொங்கவிட்டேன். வீட்டைச் சுற்றிப் பின்சந்து வழியாக முற்றத்துக்கு வந்து நின்றேன். மூக்கில் ஈரத் துண்டு. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

எட்டரைக்கு வருவதாகச் சொன்ன மிஸ்திரி இன்னோர் ஆளோடு வந்தபோது மணி ஒன்பது ஐந்து. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். முந்தின நாளே இதைச் சொல்லி, எட்டரைக்கே ஆளை வரச் சொல்லும்படி கணவரிடம் நச்சரித்திருந்தேன். அவர், “சவத்த விடு. இடிக்கதுக்குப் போய் நல்ல நேரம் பாக்கதா?” என்றார். “பிள்ள மூச்சு விஷயம், வெளையாடாதீங்க” என்று நான் அவர் வாயை அடைத்திருந்தேன். இப்போது மிஸ்திரியைக் கைகாட்டி நிறுத்தினேன். பத்தரைக்கு ஆரம்பித்தால் போதும் என்றேன்.

“பஹன்ஜி, வெயில் ஏறிடுமே” என்று அவன் ஹிந்தியில் சொன்னான். நான் அசையவில்லை. ஒரு பக்கம் டாக்டர் சொன்னது, ஒரு பக்கம் ஊரிலிருந்து வரவழைத்த தினசரிக் காலண்டர். இரண்டையும் விட முடியாதவள் நான். அவர்கள் டீ குடித்தார்கள். முகம் கழுவினார்கள். தலைத்துண்டை டிரம்மில் முக்கிமுக்கிப் போட்டுக்கொண்டார்கள். வெயிலில் உட்கார வைத்தவளுக்குத் தண்ணீரைத் தொடாதே என்று சொல்ல வாய் வரவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் டிரம்மைப் பார்ப்பதுமாக முற்றத்துக்கும் சந்துக்கும் நடந்தேன்.

பத்தரை அடித்ததும் தொடங்கினோம். முதல் மூன்று ஷீட் இறங்கியதை டாக்டர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். ஊற்றி ஊற்றி நனைத்து, துருப்பிடித்த போல்ட்டுகளைத் திருகி, கைக்குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார்கள். முழு ஷீட்டுகளைத் தன் ஜுக்கிக் குடிசைக்குக் கூரையாகப் போட எடுத்துக்கொள்ளலாமா என்று மிஸ்திரி கேட்டான். ஆபத்து என்றேன். சிமெண்ட்தானே, என்ன செய்யும் என்று சிரித்தான். சரி, எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். அவனுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காவது ஷீட்டுக்கு வந்தபோது டிரம்மும் பக்கெட்டுகளும் காலி. டப்பில் இருந்ததை ஊற்றினோம். அடுத்த போல்ட்டைத் திருகுவதற்குள் வெயில் அதைக் குடித்துவிட்டது. கடைசி போல்ட் அசைய மறுத்தது. பக்கத்து வீட்டில் ஒரு பக்கெட் கேட்கலாம் என்று நான் சந்துப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் சுத்தியல் விழுந்தது. ஷீட் மூன்றாகப் பிளந்து தரையில் சிதறியது. வெள்ளையாகப் புகைபோல எழும்பியது.

அந்த நேரத்தில் கூலர் ஓடத் தொடங்கியது.

படுக்கையறை ஜன்னலில் இருந்த கூலரின் முதுகு முற்றத்தில்தான் இருந்தது. வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலை. கதவிடுக்கை எல்லாம் அடைத்த எனக்கு, அதுவும் வீட்டுக்குள் போகிற வழி என்று உறைக்கவில்லை. அதன் புல் தட்டிகள்கூட காய்ந்து கிடந்தன, தண்ணீரெல்லாம் டிரம்மில் அல்லவா பிடித்திருந்தேன். எழும்பிய தூசு வளைந்து அதற்குள் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினேன். மணி பன்னிரண்டு ஐந்து. நான் சொன்னபடியே கணவர் வந்திருந்தார். “வெயில்ல வந்த பிள்ள, கொஞ்சம் காத்து படட்டும்னு போட்டேன்” என்றார். சுவிட்சை அணைத்தேன். மகள் கூலருக்கு நேர் எதிரே நின்று, வழக்கம்போல் வாயைத் திறந்து “ஆ” என்று கத்தி, குரல் நடுங்குவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இமையில் வெண்பொடி படிந்திருந்தது.

குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. மாடி வீட்டில் இரண்டு பக்கெட் வாங்கினேன். கணவரைத் திட்டினேன், மிஸ்திரியைத் திட்டினேன். காலண்டரை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, நான் உள்பட.

பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனோம். வேலை எப்படி முடிந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், “நீங்க சொன்னபடியே செய்தோம், டாக்டர் சாஹிப்” என்று ஹிந்தியில் வாயில் வந்துவிட்டது. எல்லாத் தாய்மாரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

அப்போது என் மடியிலிருந்த மகள் தமிழில் அவரிடம் சொன்னாள்: “கூலர்ல இருந்து மாவு மாவா வந்துச்சே. என் வாய்க்குள்ள போச்சு.”

அவர் புன்னகையோடு என்னைப் பார்த்து, குழந்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“ஊசி வேண்டாமாம்” என்றேன்.

அவர் சிரித்து, ஊசி இல்லை பேட்டா, என்று அவள் கன்னத்தைத் தட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.