நாலு மணிக்குக் கத்தின மிஷின்

செங்கல்பட்டுல ஒரு குழந்தைங்க ஆஸ்பத்திரியில இருபத்திரெண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். நம்பர் நல்லா வரும், பஸ் பார்த்து ஏறிப் பழகினது. அதனால ஹார்ட் மிஷின்ல ஓடற நம்பரை நானே படிச்சு சிஸ்டருக்குச் சொல்லுவேன். மிஷின் ஒயரைக் குழந்தை நெஞ்சுல ஸ்டிக்கர் வெச்சு ஒட்டறதும் நான்தான். நான் ஒட்டினா பிரியாது. பெருமைக்குத்தான் சொல்றேன்.

தொண்ணூத்தி எட்டோ ஒன்பதோ, மாமல்லபுரத்துலேர்ந்து நெஞ்சுச் சளியோட ஒரு பொம்பளைப் புள்ள வந்துச்சு. நாலு மாசம். அம்மா பேரு கஸ்தூரி. புருஷன் சிற்பப் பட்டறையில உளி வேலை. ரெண்டு மூணு நாள்ல ஜுரம் விட்டு, மூச்சு சீராகி, புள்ள சிரிக்க ஆரம்பிச்சுது. நாளைக்கு வூட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தப்போ, சாயங்காலம் நாலு மணிக்கு மிஷின் கத்துச்சு. நூத்தி முப்பதுல ஓடற நம்பர் நூத்தி எழுபதைத் தாண்டி நிக்குது.

"இன்னா ஒட்டினே தனம்? ஒயர் லூசு பாரு"ன்னு சிஸ்டர் எரிஞ்சு விழுந்தாங்க. எனக்கு ரோஷம். பிச்சுட்டுப் புதுசு ஒட்டினேன். அஞ்சு மணிக்கெல்லாம் நம்பர் தானா எறங்கிடுச்சு. மறுநாளும் நாலு மணிக்குக் கத்துச்சு. மறுபடியும் பிச்சேன், ஒட்டினேன். புள்ள நெஞ்சுத் தோல் செவந்ததுதான் மிச்சம்.

டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணும் தெரியலை. "நாளைக்கும் இப்படி ஏறினா மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்"னாங்க. கஸ்தூரி என் கையைப் புடிச்சுக்கினா.

"ஆயாம்மா, எம் புள்ள நெஞ்சுல ஓட்டை கீதா?"

நான் புள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கினேன்.

மூணாம் நாள் நான் மிஷினைப் பார்க்கலை. கட்டிலைப் பார்த்துக்கினு நின்னேன். நாலு மணி, விசிட்டர் நேரம். கஸ்தூரியோட நாத்தனார் வேதவல்லி உள்ள வந்தா. தினம் பஸ் ஏறி சோறு கொண்டாறவ அவதான். கேரியரை ணங்குனு வெச்சா, ஸ்டூல்ல உக்காந்தா, சுவரைப் பார்த்தா. ஒரு வார்த்தை கிடையாது. கஸ்தூரி புள்ளையைக் கடல் காத்துல வண்டியில ஏத்திக்கினு அம்மா வூட்டுக்குப் போய்ச் சளி புடிக்க வெச்சுட்டாளேன்னு அவளுக்குக் கோவம். கஸ்தூரி மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. மடியில இருந்த புள்ள அவளைப் பார்த்துச் சிரிச்சுது. அவ சிரிக்கலை. 'ங்கா'ன்னுச்சு. பதில் இல்லை. காலை ஒதைச்சுது, உதட்டைப் பிதுக்குச்சு, தலையைத் திருப்பிக்கிச்சு. மிஷின் கத்துச்சு.

ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டியாந்து, "அம்மா மூஞ்சி செத்தாத்தான் மிஷின் கத்துது, பாருங்க"ன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. "நீ சொல்றது சரிதான் தனம். நெஞ்சுக்குப் போற நரம்பு ஒண்ணு பிரேக் மாதிரி. அம்மா முகத்துல பதில் இல்லைன்னா குழந்தை கலங்கிடும். பிரேக் விட்டுடும், துடிப்பு ஏறிடும்."

பிரேக்குன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. "கஸ்தூரி, உன் வூட்டுக்காரன் கல்லுல மூஞ்சி செதுக்கறான். நீ மூஞ்சியையே கல்லாக்கிக்கினு கீறியே!"ன்னேன். டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க. அப்புறம் வேதவல்லி பக்கம் திரும்பினேன்.

"யம்மா, தினம் இத்தினி தூரம் வந்து சோறு குடுக்கற. முகம் குடுக்கலையே."

"நான் இன்னா பண்ணேன்? வாயே தொறக்கலையே!"

"அதத்தான் சொல்றேன்."

அவ மிஷினையும் புள்ளையையும் மாறி மாறிப் பார்த்தா. அப்புறம் சுவரைப் பார்த்தபடியே, "கஸ்தூரி, வஞ்சிரம் வறுத்தாந்தேன். ஆறிடும், துன்னு"ன்னா. கஸ்தூரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. புள்ள திரும்பி அந்த மூஞ்சியைப் பார்த்துச்சு.

நான் சத்தமா நம்பர் படிச்சேன். நூத்தி அறுபது. நூத்தி நாப்பத்தஞ்சு. நூத்தி முப்பத்திரெண்டு.

"இன்னொரு தபா படி"ன்னா வேதவல்லி.

டாக்டரம்மா இன்னும் ஒரு நாள் வெச்சுப் பார்த்தாங்க. அன்னிக்கு நாலு மணிக்கு மிஷின் வாயைத் தொறக்கலை. வேதவல்லிதான் தொறந்த வாயை மூடலை. மெட்ராஸ் போகாம புள்ள மாமல்லபுரம் பஸ் ஏறிடுச்சு.

வார்டுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். மிஷின் கத்தினா முதல்ல சிஸ்டரைக் கூப்பிடு. ஒயரைப் பிக்கறதுக்கு முன்னாடி புள்ள யார் மூஞ்சியைப் பார்க்குதுன்னு பாரு. நான் ஒட்டினது அன்னிக்கும் லூசு இல்லை.