பிரபாவதி மாட்டிய கிரவுன்

கல்யாணத்துக்கு முன்னால் பிரபாவதி சென்னைப் பக்கம் ‘கம்பெனி வேலை’ பார்த்தாள் என்பது முகையூர் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். லாரிகளுக்கும் சின்ன வண்டிகளுக்கும் பின்சக்கர அச்சு பூட்டும் வரிசையில் எட்டு வருஷம் நின்றவள் அவள். ஒரு ஷிப்டுக்கு இருபத்திரண்டு அச்சு. பூட்டி முடித்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒரு ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். அதன்பிறகு அது எந்த வண்டியில் ஏறியது, எந்த ரோட்டில் ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்தாள், இனியவனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகள் பெற்றாள். வயலும் வீடுமாகப் பத்து வருஷம் போனது.

இனியவனிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. சவுக்குத் தோப்புகளில் வெட்டிய கழிகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டுவான். கோடையில் ஒரு குறையும் இல்லை. மழை பிடித்தால்தான் பேஜாரு. தோப்புக்குள் இறங்கிய வண்டி லோடோடு ஏறி வராது. சேற்றில் இருக்கிற சக்கரம் மட்டும் பேய் பிடித்தது போலச் சுற்றும். கெட்டித் தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். போன ஐப்பசியில் மட்டும் ஆறு முறை தென்னரசுவின் டிராக்டர் வந்து இழுத்துவிட வேண்டியதாகிவிட்டது. தென்னரசு நல்ல மனிதர்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். மேகம் கறுத்தாலே போன் செய்து, “இனியா, இன்னிக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?” என்று கேட்பார்.

ஆறாவது முறை பிரபாவதியும் தோப்பில் இருந்தாள். கயிறு கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னாங்க, இதுக்கு வேற மாதிரி கிரவுன் பெட்டி இருக்குது தெரியுமா?”

“எதுக்கு?”

“ஒரு சக்கரம் வழுக்கினா இன்னொண்ணுக்கும் பலத்தை அனுப்பும். உள்ள பிளேட்டு பிளேட்டா அடுக்கி இருக்கும். நாங்க மாசத்துக்கு ஒரு வாரம் அதத்தான் பூட்டுவோம். எல்எஸ்டின்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருப்பாங்க.”

இனியவன் மனைவியை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தான்.

கோடை முழுக்க அந்தப் பேச்சு வீட்டில் ஓடியது. விழுப்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியதம்பி மேஸ்திரியிடம் இருவரும் போய்க் கேட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“வேணாம்மா. கிரவுனைக் கழட்டிட்டா மறுபடி பழைய மாதிரி உக்காராது. ஓலம் வுடும். அப்புறம் நாய் ஊளையிடற மாதிரி கேட்டுக்கினே ஓட்டணும். முப்பது வருசமா இதத்தான் பாக்கிறேன். நான் தொட மாட்டேன்.”

“நீங்க தொட வேணாம் அண்ணே,” என்றாள் பிரபாவதி. “உங்க டயல் கேஜை மட்டும் கொஞ்ச நாளு குடுங்க.”

மேஸ்திரி இனியவனைப் பார்த்தார். இனியவன் தோளைக் குலுக்கினான். கடிகாரம் போல முகமும் ஊசியும் கொண்ட அந்தச் சின்னக் கருவியைப் பழைய பனியனில் சுற்றிக் கொடுத்தார். போல்ட்டை அளவாக முறுக்கும் ஸ்பானரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்ததும் வண்டியை வேப்பமரத்தடியில் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பத்து நாளைக்கு ஒரு லாரிக்கு மாற்று டிரைவராக இனியவன் வேலூர் போய்விட்டான். துணைக்கு இருந்தது அவனுடைய அக்கா அம்மணி. மாதா கோயில் எதிரே சாயந்தரம் போண்டா போடுகிறவள். தம்பி பெண்டாட்டி என்ன செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அலுக்காதவள்.

முதல் வேலை, பொருத்தமான பெட்டியைக் கண்டுபிடிப்பது. திண்டிவனத்தில் கோதண்டபாணி என்பவர் உடைந்த வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிறார். சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டைக் கழற்றி யூரியா சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பிரபாவதி பஸ் ஏறினாள்.

“இன்னாம்மா அது, உலக்கையா?” என்றார் கண்டக்டர்.

“வண்டி அச்சுங்க.”

“எந்த வண்டி?”

“எங்க வண்டி.”

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “பத்திரமா புடிச்சிக்கினு உக்காரு, யாரு கால்லயாவது போட்டுடாத,” என்றார். விழுப்புரத்தில் பஸ் மாறித் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் நாலு பேருக்கு அந்தத் தண்டின் முனையில் இருக்கும் பற்களைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

கோதண்டபாணி அவளுக்குப் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரபாவதி தண்டைச் சொருகி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றினாள். வெண்ணெயில் கத்தி போவது போலச் சுற்றியது.

“பிளேட்டு தேஞ்சு போச்சு அண்ணே. இது வேணாம்.”

“போட்டா நல்லா ஓடும்மா.”

“ஓடும். சேத்துல நிக்கும்.”

கோதண்டபாணி அவளை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாக்கு மூடிய இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைச் சுற்றத் தோளின் பலம் முழுக்க வேண்டியிருந்தது. இறுக்கமாக, ஒரே சீராக அசைந்தது. பிரபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்தது போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. எண்ணெயை வடித்து, பின்மூடியைத் திறந்து, பழைய பெட்டியை நெம்பி எடுத்தார்கள். அதன் மேல் பூட்டியிருந்த பெரிய பல்சக்கரத்தை, மேஸ்திரிகள் கிரவுன் என்று சொல்வதை, கழற்றிப் புதுப்பெட்டியில் உட்கார வைத்து எதிரெதிர்ப் போல்ட்டாக முறுக்கினாள் பிரபாவதி. அடுத்தது பேரிங். அதைச் சூடான எண்ணெயில் போட்டு விரிய வைத்தால் தட்டாமலே இறங்கும். கம்பெனியில் அதற்கு மின்சார அடுப்பு இருந்தது.

“அண்ணி, உங்க போண்டா சட்டி வேணும்.”

“என்னத்துக்குடி?”

“பேரிங் பொரிக்க.”

அம்மணி எழுந்து நின்றாள். “அந்தச் சட்டிய வெச்சித்தான் எம் பொழப்பே ஓடுது. அதுல இரும்ப வேக வெக்கிறதா?” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குப் போனவள், காது உடைந்த ஒரு பழைய சட்டியோடு திரும்பி வந்தாள். அடுப்பும் அவளே மூட்டினாள். எண்ணெய் காய்ந்ததா என்பதை அவள்தான் சொன்னாள். பேரிங்கை இடுக்கியால் எடுத்துப் பெட்டியின் கழுத்தில் பிரபாவதி விட்டதும், அது சத்தமே இல்லாமல் வழுக்கி உட்கார்ந்தது. “அட, தோசை மாதிரி வுழுதே,” என்றாள் அம்மணி.

மேஸ்திரி பயந்த இடம் அதற்கு அப்புறம்தான் வந்தது. கிரவுனின் பல்லும் அதைச் சுற்றிவிடும் சின்னச் சக்கரத்தின் பல்லும் ஒன்றையொன்று முட்டாமலும் விலகாமலும் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு தலைமுடி கனத்துக்கு மேல் இடம் கூடாது. டயல் கேஜின் ஊசியைப் பல்லில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். இடைவெளி அதிகம். பெட்டியை வெளியே எடுத்து, பேரிங்கை உருவி, அடியில் இருக்கும் மெல்லிய தகட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி, மறுபடி சட்டி, மறுபடி எண்ணெய். இப்போது இடைவெளி குறைவு. மத்தியானமாகிவிட்டது. பசித்தது. பத்து வருஷம் ஆகிவிட்டதே, கை மறந்துவிட்டதோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது. அம்மணி கேப்பைக் கூழைக் கரைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னும் மெல்லிய தகடு ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள் பிரபாவதி.

மூன்றாவது முறை ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பற்கள் எங்கே பதிகின்றன என்று பார்க்கக் கம்பெனியில் ஒரு மஞ்சள் மை தருவார்கள். இவள் சமையலறை மஞ்சள்தூளைக் கிரீசில் குழைத்துப் பல்லில் தடவிச் சுற்றினாள். பல்லின் நடுவில், அரிசி வடிவத்தில், அழகாகத் தடம் விழுந்தது. அம்மணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மணிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் “நல்லா கீது” என்றாள்.

இனியவன் வந்ததும் வண்டியைக் கீழே இறக்கினார்கள். அவன் ஓட்ட, பக்கத்தில் பிரபாவதி உட்கார்ந்தாள். தார் ரோட்டில் அறுபதில் போகும்போது இனியவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டினான். ஓலம் இல்லை. சக்கரம் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும்தான். பிரபாவதியும் காதைக் கொடுத்துக் கேட்டாள். எத்தனையோ ஆயிரம் அச்சு பூட்டியிருக்கிறாள், ஒன்றுகூட ஓடிக் கேட்டதில்லை. இதுதான் முதல். கண் கலங்கியதை மறைக்கப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தோஷம் முதல் திருப்பம் வரைதான். வளைவில் பின்பக்கம் ‘டக்டக்டக்’ என்று அடித்து உதறியது. இனியவன் முகம் சுருங்கிவிட்டது.

“மேஸ்திரி சொன்னாரே பிரபா.”

“இது ஓலம் இல்லங்க. வேற. செத்த இருங்க.” நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அந்த மாதிரி அச்சுகளுக்கு மட்டும் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை கட்டி அனுப்புவார்கள். எண்ணெயைப் பற்றி ஏதோ எழுதியிருக்கும். அங்கேயே வண்டியை நிறுத்தி கோதண்டபாணிக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். “அந்தப் பிளேட்டுக்குன்னு ஒரு மருந்து கீதும்மா, எண்ணெயில கலக்கறது. ஒரு சின்ன பாட்டில் குடுக்க மறந்துட்டேன். பஸ்ல குடுத்து அனுப்பறேன்.”

மருந்தை ஊற்றியதும், அது பிளேட்டுகளுக்குள் இறங்குவதற்காக மாதா கோயில் மைதானத்தில் வண்டியை எட்டு எட்டாகச் சுற்றினார்கள். பதினைந்தாவது எட்டில் உதறல் குறைந்தது. இருபதாவதில் நின்றது. அம்மணியிடம் போண்டா தின்ன வந்தவர்கள், இனியவன் இந்த வயதில் மறுபடி லைசென்சுக்குப் பழகுகிறான் போல என்று பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. தோப்பில் சவுக்கு ஏற்றி முடிக்கும்போது தரை களியாகிவிட்டது. லோடு ஏற்றுவதைக் கேள்விப்பட்டுத் தென்னரசு டிராக்டரோடு தானாகவே வந்து வரப்பில் நின்றார். இனியவன் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினான். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றிக் குழி தோண்டின. தென்னரசு இறங்கிக் கயிற்றை எடுத்தார்.

“எறங்குங்க,” என்றாள் பிரபாவதி கணவனிடம்.

“நீ ஓட்டப்போறியா?”

“வயக்காட்டுல ஓட்டிப் பழகினவதான். இங்க யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்சம் பின்னால் விட்டாள். ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் மட்டும் ஏற்றி, பிளேட்டுகள் இறுக இடம் கொடுத்தாள். கிளட்சை மெல்ல விட்டாள். ஆக்சிலேட்டரை அழுத்தவில்லை, தொட்டாள். சேற்றுச் சக்கரம் ஒரு முறை வழுக்கியது. மறுபக்கச் சக்கரம் தரையைப் பிடித்தது. லோடோடு வண்டி மாடு எழுவது போல முனகி, முன்னால் நகர்ந்து, நிற்காமல் வரப்பைத் தாண்டி மேட்டில் ஏறிவிட்டது.

தென்னரசு கயிற்றைச் சுருட்டி டிராக்டரில் போட்டார். “சரி, நான் வீட்டுக்குப் போறேன்,” என்று டிராக்டரைத் திருப்பினார். திருப்பியவர் நிறுத்தி, “உள்ள இன்னாத்த மாட்டின, அத்தச் சொல்லு,” என்றார். பிரபாவதி சொன்னாள். மழையில் நனைந்துகொண்டே முழுக்கக் கேட்டார்.

அடுத்த வாரம் டயல் கேஜைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெரியதம்பி மேஸ்திரி வண்டியில் ஏறிக்கொண்டு செஞ்சி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து இறங்கினார். பட்டறை ஓரத்தில் ஒரு ஜீப் நின்றது. அதன் அச்சு ஊளையிடுகிறது என்று மூன்று மாதமாகத் தொடாமல் போட்டு வைத்திருக்கிறாராம்.

“கேஜை நீயே வெச்சிக்கம்மா,” என்றார். “ஜீப்பை வியாழக்கெழம கொண்டாந்து வுடட்டுமா?”

“வியாழக்கெழம கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கறோம் அண்ணே. வெள்ளிக்கெழம வுடுங்க. எண்ணெய வடிச்சி, அச்சுக் கூட்டைக் கழுவிட்டுக் கொண்டாங்க.”

மேஸ்திரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஜீப்பின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கப் போனார்.