ராயக்கோட்டை மலையில் அக்கா கேட்டது

போன மாதம் மகள் என்னை இத்தாலியில் ஒரு மலையூருக்குக் கூட்டிப்போனாள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணம். எண்பதைத் தொட்ட முழங்காலை வைத்துக்கொண்டு அந்தக் கற்படிகளில் நான் ஏறிய அழகை நீங்கள் பார்க்காததே நல்லது. மேலே போய் மூச்சு வாங்க ஒரு வீட்டுச் சன்னலோரம் நின்றேன். தொட்டி தொட்டியாகத் திருநீற்றுப்பச்சிலை. அங்கே அதைச் சாப்பாட்டில் போடுகிறார்களாம். அந்த வாசம் என்னை நேராக ராயக்கோட்டை மலைக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கேயும் இடிந்த கோட்டைச் சுவரோரம் இதே செடி மண்டிக்கிடக்கும். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. கிருஷ்ணகிரியில் இருந்தோம். அக்காவுக்குப் பதினெட்டு, கன்னியர் மடத்தில் சேரவிருந்தாள். எனக்கு விஷக்காய்ச்சல் வந்து வைத்தியர் கைவிட்டபோது, நான் பிழைத்தால் ஒரு பெண்ணை மடத்துக்குக் கொடுப்பதாக அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தது நான், போகவேண்டியது அக்கா. மடத்துக்குப் போகிறவள் கடைசியாக எதற்கு ஆசைப்பட்டாலும் செய்து அனுப்புவது எங்கள் குடும்பங்களில் வழக்கம். அக்கா ராயக்கோட்டை மலை ஏறவேண்டும் என்றாள்.

பஸ்ஸில் போனோம். அம்மாவும் அப்பாவும் அடிவாரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவேன் என்று பீற்றிக்கொண்ட நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாள் தெலுங்கில், "மெல்லகா பாப்பா, மெல்லகா" என்று சிரித்தாள்.

உச்சியில் அக்கா ஒரு பச்சிலைக் கொத்தைக் கிள்ளி என் தலையில் சொருகினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் போவ இஷ்டமில்லடி. நான் சொன்னா அம்மா சோறு தண்ணி இல்லாம படுத்துக்கும். நீ அப்பாகிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

சரி என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவரே கேட்டார்:

"அக்கா சந்தோசமா இருக்குதா பாப்பா?"

ஒரு பெண்ணைக் கொடுத்தாக வேண்டும். அக்கா போகாவிட்டால் என்னைத்தான் அனுப்புவார்கள். பயந்துவிட்டேன்.

"சந்தோசமாத்தான் இருக்குது."

கிருஷ்ணகிரியில் இறங்கியதும் அக்கா என் காதருகே குனிந்தாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் புறப்படும்போது அப்பா முகத்தை அவள் பார்க்கவே இல்லை. விடுமுறைக்கு வந்தாலும் அவர் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "நான் என்னடி தப்பு செஞ்சேன் அவளுக்கு?" என்று அப்பா கடைசிவரை என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகள் பெற்றேன், நன்றாகவே வாழ்ந்தேன்.

"ஏம்மா அழறே?" என்றாள் மகள்.

"படி ஏறினதுல மூச்சு வாங்குது."

அப்பா போய் நாற்பது வருடம் ஆகிறது. அக்காவும் போய்விட்டாள். அவள் கேட்டதை அப்பா மறுக்கவே இல்லை என்பது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.