இடது கால் பிரேக்

என் அப்பா கோவிந்தப்பன் பேரிகை கிராமத்தில் தக்காளி பயிரிட்டவர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே மோட்டார் சைக்கிளை ஓட்டினார். அந்தக் காலத்து வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2007-இல் அதன் இன்ஜின் போய்விட்டது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த நான், புது வண்டி வாங்கிக் கொடுத்தேன். அதில் இரண்டும் இடம் மாறியிருந்தன.

முதல் நாள் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தார்.

"வலத்து மாட்டைக் கொண்டாந்து இடத்துல பூட்டினா ஏர் நேராப் போவுமா, கண்ணு?"

"மாடு பழகாது. நீங்க பழகிடுவீங்க அப்பா."

"அப்ப மாட்டவிட நான் ஒசத்திங்கற. இத உங்கம்மா ஒத்துக்க மாட்டா."

வற்றிய ஏரியில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோட்டில் வண்டி நிற்க வேண்டும். நாளுக்கு ஐம்பது தடவை, பத்து நாட்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். கடைசி மூன்று நாட்களில் ஒரு தவறும் இல்லை.

"இனி ரோட்டுக்குப் போலாம்பா."

"இன்னும் நாலு நாள் இங்கயே ஓட்டறனே?"

நான் நோட்டைக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

அந்த வாரமே குந்தாரப்பள்ளி சந்தைக்குக் கிளம்பினார். குருபரப்பள்ளி தாண்டியதும் ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையில் பாய்ந்தது. அதில் மோதி விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

பின்னால் வந்த டெம்போ ஓட்டுநர் மூர்த்தி என்னிடம் சொன்னார்: "இடது கால அழுத்தி மிதிச்சுக்கிட்டே இருந்தாரும்மா. வண்டி நிக்கவேயில்ல."

வண்டியை நானே சோதித்தேன். பிரேக்கில் பழுதில்லை. சோதனையில்தான் பழுது. ஏரியில் அவர் நிறுத்திய ஐந்நூறு தடவையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். திடீரென்று ஒருமுறைகூட நான் நிறுத்தச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் இப்படிச் சோதித்த ஒரு பாகத்தை வெளியே அனுப்ப நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

சொந்தக்காரர்கள் வண்டியைத் திட்டினார்கள். பதினாறாம் நாள் அம்மா கேட்டாள்:

"பிரேக்கு புடிக்கலியா, சுஜாதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"பிரேக் நல்லாதாம்மா இருக்குது. அவரு பழைய பக்கம் மிதிச்சுட்டாரு. நான்தான் அவசரப்பட்டு ரோட்டுக்கு அனுப்பிட்டேன்."

அம்மா சொன்னாள்:

"பயமா இருக்குதுன்னு எங்கிட்ட தெனமும் சொன்னாரு. புள்ள ஆசையா வாங்கியாந்தது, அவகிட்ட சொல்லாதன்னுட்டாரு."