தலைப்புப் பெட்டியில் பிள்ளையார் சுழி

என் வலைப்பூவில் முதல் பதிவுக்குத் தலைப்பு "உ". வேறொன்றும் இல்லை, அந்த ஒரு எழுத்துதான். மாற்றச் சொன்னவர்கள் உண்டு. மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

குண்டசாலைக்கு நான் கல்யாணம் கட்டி வந்தவள். பிறந்தது ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒற்றைக் காம்பராவில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். வீட்டுக்காரர் கண்டி டவுன் ஆள், இன்னும் அங்கே ஒரு புடவைக் கடையில்தான் வேலை. ஒரே மகள். கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை பார்க்கிறாள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் காலையில் பூப்படம் போடுவார்கள். நான் மட்டும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையும், மழையில் கரகம் இறங்கி வந்ததையும் நீளமாக எழுதுவேன். ஒரு நாள் என் நாத்தனார், வீட்டுக்காரருடைய தங்கச்சி, "அண்ணி, இது குரூப்பா, பேப்பரா?" என்று போட்டாள். அதன் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் இடத்தில் எதற்கு எழுதுகிறீர்கள், உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கட்டும் என்றாள். விடுமுறைக்கு வந்தபோது அவளே வலைப்பூ ஒன்றைத் திறந்து, எங்கே எழுதுவது, எங்கே அமத்துவது என்று என் போனிலேயே காட்டித் தந்தாள்.

எழுதுவது கஷ்டமாக இல்லை. கொழுந்து மலையைப் பற்றித்தான் எழுதினேன். விடியற்காலைக் குளிர், இடுப்பில் கட்டிய சாக்கு, தலையில் மாட்டிய கூடைக் கயிறு. முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது பொம்பிளைகள் எல்லாரும் ஒரே குரலில் "பொலி, பொலி" என்று சொல்வோம். இன்றைக்குக் கூடை நிறையட்டும், சாமி கூட இருக்கட்டும் என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் ஒருத்தியும் இரண்டாவது பிடி பறிக்கமாட்டாள். இதெல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. கடைசியில் "வெளியிடு" என்ற இடத்துக்கு விரல் வந்ததும்தான் நின்றுவிடும். சின்ன ரகரம் பெரிய றகரம் மாறியிருக்குமோ என்று ஒரு பயம். யாராவது படித்துச் சிரித்தால்? ஒருத்தருமே படிக்காவிட்டால்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னாடி, எலெக்ஷன்லயா நிக்கப் போற, இப்படி வேர்க்குது?" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகி, விளக்கேற்றி, போனைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். புது வாகனத்துக்கு வைக்கிற மாதிரி அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான், சுழி போடாமல் எழுதியிருக்கிறேன் என்று நினைவு வந்தது. கல்யாணப் பத்திரிகை என்றாலும் கடைக்குக் கொடுக்கிற துண்டுச்சீட்டு என்றாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எங்கள் ஆட்கள் எழுதுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டி காலியாகக் கிடந்தது. சாமிக்குத்தான் விட்டு வைத்த மாதிரி இருந்தது. அதில் "உ" போட்டேன். கண்ணை மூடி அமத்தினேன். அது தலைப்புக்கு உள்ள பெட்டி என்று மகள் சொல்லித் தந்தது, அந்தப் படபடப்பில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கதிரையில் உட்காரும்போதே சிரிப்பு. "என்ன அண்ணி, தலைப்புல 'உ'ன்னு மட்டும் கெடக்கு? பாதியில டேட்டா முடிஞ்சிருச்சா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. மகளுக்கு அவள் ஒரு வரன் பார்த்திருந்தாள். டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம், பையன் நல்லவன். மகளும் போனில் இரண்டொரு தரம் பேசிவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாள். நாங்கள் எல்லாரும் கண்டி ஆட்கள்தான், குண்டசாலையில் சொந்த வீடு என்று மட்டும் நாத்தனார் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். லயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது நானே ஊருக்குத் தண்டோரா போடுகிறேனாம்.

"நான் ஒங்கள எழுத வேணாம்னு சொல்லல அண்ணி. இப்ப எடுத்துடுங்க. கல்யாணம் முடிஞ்ச பொறகு ஆயிரம் எழுதுங்க. ஒங்க மக வாழ்க்க அண்ணி இது."

அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்த வழியில் எங்களுக்கு நல்லதுதான் பார்க்கிறாள். ஆனால் ஒன்று. கூடைக் கயிறு அழுத்திய இடத்தில், என் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், இன்றைக்கும் முடி அடர்த்தியாக வளர்வதில்லை. கல்யாண வீடு, கோயில் என்று எங்கே புறப்பட்டாலும், "பூவ இங்க வச்சுக்குங்க அண்ணி, மறைஞ்சிரும்" என்று அவள் கையாலேயே குத்திவிடுவாள். நானும் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன், இத்தனை வருஷமும்.

அன்றைக்கும் குனிந்துதான் கொடுத்தேன். அவள் ஆட்டோ ரோட்டில் திரும்புவதற்குள் பதிவை எடுத்துவிட்டேன். மகள் பேரைச் சொன்னதும் கை தானாகப் போய்விட்டது.

மறுநாள் விளக்கேற்றப் போனால் சாமிப்படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிள்ளையாரே, உன் பேரைப் போட்டுத் தொடங்கியதை நானே அழித்துவிட்டேனே என்று இருந்தது. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். தங்கச்சி பேசும்போதெல்லாம் வாயே திறக்காதவர், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் ஒன்னப் பொண்ணு பாக்க வந்தத ஏன் அதுல எழுதல?"

நான் திரும்பினேன். "லயத்து வாசல்ல கூடையக் கவுத்துப் போட்டு உக்கார வச்சீங்க. வேட்டி பூரா கொழுந்துச் சாயம். அதையும் போடு," என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அன்று பின்னேரம் மகள் கூப்பிட்டாள். பதிவைக் காணவில்லையே என்று கேட்டாள். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்கும் பயம்தான், எனக்குத் தெரியாதா? பிறகு சொன்னாள்:

"அங்க போய் வாழ்ந்துக்கிட்டு, அம்மா ஊரு எதுன்னு கேட்டா முழுங்கி முழுங்கிப் பேச என்னால ஏலாதும்மா. திரும்பப் போடுங்க. பையனோட அம்மாவுக்கு நீங்களே அனுப்பிருங்க. வேற யாரும் சொல்லித் தெரிய வேணாம்."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொன்னா அழுவேன். அழுதுட்டு வேலைக்குப் போவேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் அம்மா அட்டைக்கடியோடு பறித்த கொழுந்தை இந்த நாடே ஊற்றிக் குடிக்கிறது. குடிக்கும்போது ஒருவருக்கும் குறைச்சல் இல்லை. பறித்தேன் என்று சொன்னால் மட்டும் எனக்குக் குறைச்சலா? திருடினேனா? பொய் சொன்னேனா? சாமிக்கு முன்னால் சொல்லக்கூடியதை ஒரு சம்பந்தி அம்மாவிடம் சொல்ல எனக்கென்ன பயம்?

பயம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் சொன்ன சாய வேட்டியையும் சேர்த்து எழுதினேன். தலைப்பு "உ"வைத் தொடவில்லை. பிள்ளையாரை அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுப்ப நான் யார்? பதிவைத் திரும்பப் போட்டு, அந்த அம்மாவுடைய வாட்ஸ்அப் நம்பருக்கு எடுத்து வைத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "அக்கா, நான் இந்த லயத்து வீட்டுப் பிள்ளை. வாசிச்சிட்டுச் சொல்லுங்க." விரல் அப்படியே நின்றது. கை சில்லிட்டுப் போயிருந்தது, பனியில் முதல் செடிக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

"பொலி," என்று சத்தமாகச் சொன்னேன். சமையலறையில் நான் மட்டும்தான். அமத்திவிட்டேன்.

இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. வாசித்துவிட்டார்கள். இதை எழுதும் வரைக்கும் பதில் இல்லை. நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. போன வெள்ளிக்கிழமை டவுன் கோயிலில் எதிரே வந்தாள். நான் பூவைப் பின்னலின் கீழே, எனக்குப் பிடித்த இடத்தில் வைத்திருந்தேன். அவள் கண் நேராக என் உச்சிக்குத்தான் போனது. நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்று, தலையை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் மகள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் ஊர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.