பல்பில் வைத்த பொட்டு

நல்லகாமனுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஆகாது. பாதிச் சோற்றில் எழுந்துபோய் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிற ஆள். வயசுக் காலமெல்லாம் லாரி ஓட்டினார். அதை விட்ட பிறகு, பசுமலை டாக்டர் ஒருவர் கழித்துவிட்ட பெரிய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். செக்கானூரணிக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் அவருடைய ஊரில் அந்தக் காருக்குத் தனி மரியாதை. முன்விளக்கு இரண்டும் செனான் பல்பு. மற்ற வண்டி லைட்டு ரோட்டைக் காட்டும், நம்ம லைட்டு ரோட்டோரத்து ஓணானையும் காட்டும் என்று பீற்றிக்கொள்வார்.

அந்தப் பீற்றலுக்கும் ஒரு முடிவு வந்தது. இடது விளக்கு ரோஸ் நிறத்துக்கு மாறி, விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. ஆயுசு முடியப்போகிற செனான் பல்பு அப்படித்தான் எரியும். வேறு சமயமாக இருந்தால் மெதுவாகப் பார்த்திருப்பார். இப்போது மகள் அஸ்வினி தலைப்பிரசவத்துக்கு வீட்டில் இருக்கிறாள். வலி எந்நேரம் வந்தாலும் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் தானே கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நூத்தியெட்டுக்குப் போன் போட்டா வந்துட்டுப் போகுது. எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனையா அலையுறீங்க?" என்றாள் மனைவி பாண்டிமீனா.

அவர் எழுந்து வண்டியைப் பார்க்கப் போனார். அஸ்வினி பிறந்தபோது அவர் லாரியோடு நாக்பூரில் கிடந்தார். பாண்டிமீனா பால் வண்டியில், கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சொல்லாததுதான் இத்தனை வருஷமாக அவரைக் குடைகிறது.

பல்பு வாங்குவது லேசுப்பட்ட காரியம் என்று யாராவது நினைத்தால் அவர்கள் நல்லகாமனோடு கடைக்குப் போனதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மருமகன் போனில், "எட்டாயிரம் நம்பர் போடுங்க மாமா, வெள்ளைவெளேர்னு இருக்கும்" என்றான். டாக்ஸி ஸ்டாண்டில் ஆறாயிரம் என்றார்கள். வெளிச்சத்தின் நிறத்துக்கான அந்த நம்பரை ஆளுக்கொன்றாகச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுத்தார்கள். கடைசியில் மதுரை சிம்மக்கல்லில், கார் சாமான் விற்கும் பீமாராவின் கடைப்படி ஏறினார்.

"எட்டாயிரம்தான இருக்குறதுலயே ஒசத்தி?"

"நம்பர் கூடுனா வெளிச்சம் கூடாதுண்ணே, நீலந்தான் கூடும். மழையில ரோடு நனைஞ்சு கெடந்தா அந்த நீலத்துல ஒண்ணும் தெரியாது. வண்டியில வந்தது நாலாயிரத்து முந்நூறு. அதையே போடுங்க."

"விக்காத சரக்க என் தலையில கட்டப் பாக்குற."

"சரி, எட்டாயிரமே போடுறேன். பில்லு போடவா?"

"இரு, இரு."

வெளியே போய் டீ குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினார். பீமாராவ் மூன்று பேருக்கு வியாபாரம் முடித்துவிட்டு, "என்னண்ணே, பொண்ணா பாக்குறீக?" என்றான். ஒருவழியாக நாலாயிரத்து முந்நூறிலேயே ஒரு சோடி எடுத்தார். பழசும் புதுசும் ஒன்றுபோல எரியாது, சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றான் அவன். "கண்ணாடியில மட்டும் வெரல் படக்கூடாதுண்ணே. பிசுக்கு இருந்தா சூட்டுல வெடிச்சுப்புடும்" என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த வீட்டில் மிக்ஸியானாலும் கேஸ் சிலிண்டரானாலும் சந்தனம் குங்குமம் வாங்காமல் வேலைக்கு வராது. குளித்து வந்து பார்த்தால், இரண்டு பல்பின் கண்ணாடியிலும் வட்டமாகப் பொட்டு.

"பேரப்பிள்ளைய ஏத்தியாரப் போற லைட்டு. மொட்டையாவா மாட்டுவாக?" என்றாள் பாண்டிமீனா.

அவர் துணியை எடுத்தார், வைத்தார். நிறைமாசமாக மகள் வீட்டில் இருக்கும்போது பொட்டை அழிப்பதா? துடைக்காவிட்டால் பல்பு வெடிக்கும். துடைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"பாண்டிமுனி சாமி பாத்துக்கிருவாரு" என்று பொட்டோடு தூக்கிக்கொண்டு போனார். பழுது இடது பக்கம். ஆனால் நல்ல காரியத்தை இடதில் தொடங்கலாமா? வலது பக்கத்து நல்ல பல்பைக் கழற்றிப் புதுசை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் பளிச்சென்றது. சந்தனம் மணத்தது. பிறகு கருகியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம்.

பானெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். போன பல்பைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை. இது என்ன சகுனம் என்பதுதான் அவர் கவலை.

சத்தம் கேட்டு இடுப்பைப் பிடித்தபடி வந்த அஸ்வினி, மிச்சமிருந்த பல்பைப் பார்த்தாள்.

"தொடைக்காமலா மாட்டுனீங்க?"

"பொட்ட எப்படி ஆத்தா அழிக்கிறது?"

"நான் தெனம் மூஞ்சி கழுவுறேனேப்பா. கழுவிட்டு வேற பொட்டு வைக்கிறதில்லையா?"

அவள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, விரல் படாமல் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். முகம் தொங்கிப்போய் நின்ற அம்மாவிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "நீ இங்க வைம்மா" என்று பானெட்டைக் காட்டினாள்.

புதுசு இடதுக்குப் போனது. கழற்றிய பழசு வலதுக்கே திரும்பியது. பொழுது இறங்கியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டையும் போட்டார். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. எட்டாயிரம் வாங்கியிருந்தால் ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் என்று ஊர் சிரித்திருக்கும். ஆனாலும் மனசு ஆறாமல் சுவருக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அஸ்வினி உதட்டைக் கடித்தாள். "ப்பா, வண்டிய அணைச்சுராதீங்க. அப்படியே கெளம்புவோம்."

புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்து விலகின. மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்த பாண்டிமீனா, கால்வாய்த் திருப்பம் வந்ததும் வாயைத் திறந்தாள்.

"இந்தத் திருப்பத்துலதான் பால் வண்டி தூக்கிப் போட்டுச்சு. ஒங்கள வாய்க்கு வந்தபடி வஞ்சேன்."

"இப்ப வையி" என்றார்.

"பெறகு வையிறேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."